முதலில் அழைக்க வேண்டியவள்

வெர்னா குசேராவின் வீட்டுத் தொலைபேசி அடித்தால் இரண்டே காரணங்கள்தான். யாராவது அவள் தலையில் ஜன்னல் கண்ணாடியைக் கட்டப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் மேற்கு நெப்ராஸ்காவில் எங்கோ ஒரு விமானம் விழுந்திருக்கிறது. இரண்டாவதை எதிர்பார்த்து முதலாவதையும் மரியாதையாகவே கேட்டுக்கொள்வாள். மணி காதில் விழவேண்டுமே என்று, குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்தே வைப்பாள். எட்டிப் பார்க்க வீட்டில் ஆளில்லை. கணவன் டெல்பெர்ட், சர்க்கரை ஆலையில் கணக்கெழுதிய அம்மாளோடு அரிசோனாவுக்குப் போய் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். செவ்வாய் மாலைகளில் சீருடை மாட்டிக்கொண்டு ஊர்க்கோடி விமானத்தளத்துக்குப் போவாள். அங்கே கூடுவது சம்பளமில்லாத பறக்கும் படை. டயர் கடைக்காரர், பல் வைத்தியர், பன்றிப் பண்ணைக்காரர் என்று எல்லோரும் கைக்காசு போட்டுச் சீருடை வாங்கியவர்கள். காணாமல் போன விமானங்களைத் தேடுவார்கள், வெள்ளம் வந்தால் மருந்து கொண்டுபோவார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் வரைபடமும் கொஞ்சம் பறக்கவும் பழக்குவார்கள். தரையில் தேடும் குழுவுக்கு வெர்னா தலைவி. ஆபத்தென்றால் முதலில் அழைக்க வேண்டிய பெயர் ஒன்பது வருஷமாக அவளுடையது.

அந்த இடம் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. போன இரண்டு தேடலிலும் ஆற்றுக்குத் தப்பான கரையில் போய் நின்றுவிட்டாள். படைத்தலைவர் டுவேன், டயர் விலை சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதல் பேரை மாத்தணும் வெர்னா. கோச்சுக்காதீங்க." கோபமெல்லாம் இல்லை என்றாள். அப்புறம் வேனுக்குள் ஏறி, சாவி கையில் இருக்கும்போதே சாவியைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சூப்பைச் சுடவைத்தபோது மணி அடித்தது. விமானங்களில் ஒரு பெட்டி இருக்கும். மோதினால் தானாகவே வானொலியில் அலறத் தொடங்கும். அப்படியொரு அலறலைச் செயற்கைக்கோள் கேட்டிருக்கிறதாம். பெரும்பாலும் யாரோ தொப்பென்று இறக்கிய விமானம் கொட்டகைக்குள் சும்மா கத்திக்கொண்டிருக்கும். ஆனால் போய்ப் பார்க்காமல் அது தெரியாது. சூப்பை அப்படியே விட்டுவிட்டு, படையில் பழகும் பையன் கர்ட்டை வழியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கர்ட் அவளுடைய பேருந்திலும் வருகிறவன். கடைசி இருக்கையில் உட்கார்ந்து முன்னிருக்கைக்காரன் ஷூ நாடாவை இருக்கைக் காலில் கட்டுகிற ரகம்.

திசை கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அந்த அலறலைக் கேட்கும் சின்ன வானொலி வாங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் சுற்ற வேண்டும். உடம்பு குறுக்கே வந்து சத்தத்தை மறைக்கும். எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் அடங்குகிறதோ, அதற்கு நேர் முதுகுப் பக்கம் பெட்டி இருக்கிறது. வெர்னா வேனை ஒட்டி நின்று சுற்றினாள். எந்தப் பக்கமும் அடங்கவில்லை. அக்கம்பக்கத்துச் சிறு விமானத்தளங்களில் முதலாவதில் அதே உச்ச அலறல். இரண்டாவதிலும் அதே. பூட்டிய கொட்டகைகளின் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே விமானங்கள் நல்ல பிள்ளைகளாக நின்றன.

"பக்கத்துலதான்டா இருக்கு," என்றாள் ஒவ்வொரு இடத்திலும்.

"எங்க போனாலும் பக்கத்துலதான் இருக்கு மேடம். பிளேன் நம்மள காதலிக்குது போல."

அவள் சிரிக்கவில்லை. மேலே டுவேனும் பல் வைத்தியரும் ஆளுக்கொரு விமானத்தில் ஆற்றோரம் தாழப் பறந்து, மரங்களுக்கிடையே உடைந்த இறக்கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தளத்தில் கர்ட்டுக்கு அவசரம் வந்தது. வாங்கியைக் கழுத்தில் மாட்டியபடியே வயலுக்குள் தூரமாகப் போனான். திரும்பி வந்தவன் வேனை ஒரு சுற்றுச் சுற்றினான். முகத்தில் விளையாட்டு இல்லை. அங்கே போனபோது சத்தம் தேய்ந்ததாகவும், வேனை நெருங்க நெருங்க ஏறியதாகவும் சொன்னான்.

வெர்னா பின்கதவைத் திறந்தாள். இருக்கைக்கு அடியில், பயிருக்கு மருந்து தெளித்து நொறுங்கிப்போன விமானத்திலிருந்து கழற்றிய பழைய பெட்டி. பிள்ளைகளுக்குக் காட்டவென்று செவ்வாய்க்கிழமை அவளே எடுத்துப் போட்டது. காலையில் ரயில் பாதையைத் தாண்டும்போது வேன் தூக்கிப் போட்டதில் விழித்துக்கொண்டிருக்கிறது. அதை அணைத்தாள். வாங்கி ஊமையானது.

உடனே வேன் வானொலியில் டுவேனின் குரல் கேட்டது: "வெர்னா, சத்தம் நின்னுடுச்சு. ஏதாவது கிடைச்சுதா?"

"நின்னுடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அதுல பொய் இல்லியே," என்றான் கர்ட். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லன்னா நான்தான் விளையாட்டுக்கு ஒளிச்சு வச்சேன்னு சொல்லுங்க. ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்."

வெர்னா வேன் வானொலியின் பேசும் கருவியைக் கையில் எடுத்தாள். சத்தம் தானாக நின்றால் பேட்டரி தீர்ந்ததென்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளிச்சம் போகும்வரை ஆற்றோரம் தாழப் பறப்பார்கள். கர்ட் பெயரைச் சொன்னால் அவனுக்குச் சீருடை போய்விடும்.

"கிடைச்சாச்சு," என்றாள். "என் வேன்லதான். நான்தான் விட்டுட்டேன். வீட்டுக்குப் போங்க."

 வானொலியில் பல் வைத்தியர் சிரித்தார்.

அந்த வாரம் தொலைபேசி ஓயவில்லை. யார் யாரோ கூப்பிட்டு, வேன் பத்திரமாகத் தரையிறங்கியதா என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொன்னாள், கூட்டிக்கூடச் சொன்னாள். சனிக்கிழமை டுவேன் கூப்பிட்டார். முதல் பெயர் இனி வேறொருவருக்கு என்றார். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல்காரன்கூட.

அடுத்த மாதப் பயிற்சியில் பெட்டியோடு ஒளிந்துகொள்ள ஆள் கேட்டார்கள். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வெர்னா கை தூக்கினாள். மதியமே போய், காற்றுத்தடுப்பு மரங்களுக்குப் பின்னால் வேனைச் செருகினாள். அவளைவிட நன்றாக ஒளிய அந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியும்? தூரத்துப் பாதையில் பிள்ளைகளின் வண்டி ஒருமுறை போனது. இன்னொருமுறை எதிர்ப்பக்கமாகப் போனது. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. வெட்டிய சோளத்தட்டைகள்மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அவர்களுக்காக வாங்கி வைத்த முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த ரொட்டிகள் பக்கத்து இருக்கையில் ஆறிப்போயின.

கண்டுபிடிக்கும்வரை அடையாளம் காட்டக் கூடாதென்பது விதி. ஒன்பது வருஷம் பிள்ளைகளைத் திட்டித் திட்டி அவளே காப்பாற்றிய விதி.

வேனைக் கிளப்பி, மரங்களைவிட்டு வெளியே கொண்டுவந்து, பாதையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். முன்விளக்குகளைப் போட்டாள்.