'இருப்பார்' ஒரு வினைச்சொல்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நடக்கிற சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றபின், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் சேர்ந்த வேலை. வீட்டோடு இருக்கும் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வதற்கான ஒரு வருடப் படிப்பு அது. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். பாதிப்பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவருவார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது எல்லாவற்றையும் ஒரு நர்ஸ் சொல்லித்தருவார். நோயாளியோடு பழகுவது என் பாடம்.

போன வருடம் எல்லாப் பாடத்துக்கும் 'கற்றல் விளைவு' எழுதச் சொன்னார்கள். படிப்பு முடியும்போது மாணவி எதையெல்லாம் செய்வார் என்று வாக்கியமாக எழுதி, அதை எப்படிச் சோதிப்போம் என்றும் பக்கத்தில் எழுதவேண்டும். அது சரியில்லை என்றால் சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் இல்லாமல் எந்த ஏஜென்சியும் இவர்களை வேலைக்கு எடுக்காது. சரிபார்க்க, சான்றிதழ் தருகிற அமைப்பிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். லேப்டாப்புக்கும் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

நான் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: "மாணவி நோயாளிக்குத் துணையாக இருப்பார்."

"மேடம், 'இருப்பார்' வேண்டாமே. வினைச்சொல்லா ஏதாவது போடுங்க" என்றார்.

முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவளிடம் வந்து, 'இரு' வினைச்சொல் இல்லை என்கிறார்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்போ அது என்ன தம்பி, பெயர்ச்சொல்லா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வெளியிலிருந்து பாத்தா தெரியணும் மேடம். 'புரிந்துகொள்வார்', 'உணர்வார்' இதையெல்லாம் எடுத்துட்டோம். ஒருத்தர் சும்மா இருக்காங்களா, துணையா இருக்காங்களான்னு எப்படி அளப்பீங்க?"

எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. என் கணவர் போனபோது காரியம் முடியும்வரை நாத்தனார் என்னோடு துணைக்கு இருந்தாள். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாது அவளுக்கு. பக்கத்து அறையில் செல்போனை நோண்டிக்கொண்டு படுத்திருப்பாள், நடுநடுவே இருமுவாள். அந்த இருமல் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அவள் ஊருக்குப் போனபிறகு, அபிராமபுரத்து ஃப்ளாட்டில் இருமுவதற்கு ஆளில்லை. மாடிவீட்டுக்காரர்கள் நல்லவர்கள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க மாமி" என்றார்கள். ஏதாவது வேண்டும் என்றால் கூப்பிடலாம். ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து இருங்கள் என்று யாரைக் கூப்பிடுவது?

கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக என் வாக்கியம் இப்படி ஆனது: "மாணவி நோயாளியிடம் தானாகப் பேச்சுக் கொடுத்து உரையாடலைத் தொடர்வார்." வணக்கம் சொன்னாரா, கண்ணைப் பார்த்தாரா, சாப்பாடு பற்றிக் கேட்டாரா, குடும்பம் பற்றிக் கேட்டாரா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வன்று ஒரு சிக்கல் வந்தது. பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மையைத் துடைக்கலாம், புரட்டலாம். அதனோடு பேச முடியாது. "நீங்களே நோயாளியா படுத்துக்குங்க மிஸ்" என்றார் கல்லூரி முதல்வரான கன்னியாஸ்திரீ சிஸ்டர். நோயாளிக்கான குறிப்பை நான்தான் எழுதியிருந்தேன். வயதான பெண், தனியாக வசிப்பவர், அதிகம் பேசமாட்டார். எழுதும்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டிலில் படுத்துப் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டபோதுதான், நடிக்க எதுவும் இல்லை என்று புரிந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது வினைச்சொல்லுக்கும் பொருந்தும்போல.

ஒவ்வொருவராக வந்து, வணக்கம் வைத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் போனார்கள். ஒப்பிப்பதுபோல் கேட்டார்கள், நானும் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அந்த இளைஞர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வகுப்பில் வாய் ஓயாதவள். 'கொஞ்சம் மூச்சு விடு தாயே' என்று நானே அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். ரத்த அழுத்தம் பார்த்தாள். தலையணையைச் சரிசெய்தாள்.

"வூட்ல யாரும் இல்லியாம்மா?" என்றாள்.

"யாருமில்ல."

குறிப்பில் இருந்த பதில்தான். ஆனால் என் குரல் எனக்கே வேறுமாதிரி கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. கண் சொக்கிற்று. இத்தனை பேர் பார்க்கிற தேர்வறையில் தூங்கிவிடுவேனோ என்று பயமாகக்கூட இருந்தது. அவ்வளவு நிம்மதியாக இருந்தேன்.

மணி அடித்தது. "ஏம்மா எதுவும் பேசல?" என்று கேட்டார் இளைஞர்.

"அவுங்க பேசற மூடுல இல்ல சார். அத்தான் குந்திக்கினேன்."

உரையாடலில் அவளுக்குத் தேர்ச்சி இல்லை. நான் வாதாடிப் பார்த்தேன். "நோயாளி நான். எனக்குத் தெரியாதா?" என்றேன். "இவங்களுக்கு விட்டுக்கொடுத்தா, பயத்துல வாயடைச்சு நின்னவங்களுக்கும் மார்க் போடணுமே மேடம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் எழுதிய அட்டவணையில், சும்மா உட்கார்ந்ததற்கு மதிப்பெண் போட இடமே இல்லை.

அந்த வாரமே மறுதேர்வு வைத்தார்கள். அவள் புருஷனுக்கு நிரந்தர வேலை கிடையாது. இந்தச் சான்றிதழை நம்பி ஓர் ஏஜென்சியில் சொல்லி வைத்திருந்தாள். இதிலும் தவறினால் இன்னொரு வருடம். சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, "பேசினாத்தான் மார்க்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் மறுபடி போய்ப் படுத்தேன்.

"வணக்கம்மா. நாஷ்டா துன்னீங்களா? இன்னா துன்னீங்க? பசங்க எத்தினி பேரு? இன்னா பண்றாங்க?" பொரிந்து தள்ளினாள். கண் மட்டும் என் முகத்துக்கு வரவேயில்லை. நெற்றியைப் பார்த்தே பேசினாள். யாருமில்லை என்று நான் மறுபடி சொன்னால் இவள் மறுபடி வாயை மூடிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் பொய் சொன்னேன். இரண்டு பையன்கள் என்றேன். பெரியவனுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை, மருமகள் தங்கமானவள், பேத்திக்கு என்னைக் கண்டால் உயிர் என்று அளந்துவிட்டேன். அவள் கேட்கக் கேட்க என் குடும்பம் பெருகிக்கொண்டே போனது. எனக்குப் பிள்ளையே இல்லை.

முழு மதிப்பெண். இளைஞர் மனமாரப் பாராட்டினார். நான் போர்வையை மடித்து வைத்துவிட்டு, லஸ் வரை நடந்துபோய் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது. என் கணவர் போன நாளில்கூட நான் அவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை.

அவளுக்குக் கோட்டூர்புரத்தில் வேலை கிடைத்தது. படுத்த படுக்கையாக இருக்கும் ஓர் அம்மாளைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த சில நாளில் எனக்குப் போன் செய்தாள்.

"மிஸ், இந்தம்மா பேசவே மாட்டுறாங்க. இன்னா கேட்டாலும் அந்தாண்ட திரும்பிக்கிறாங்க. நா இன்னா பண்றது?"

"ஒண்ணும் கேக்காத. பக்கத்துல உக்காந்துக்கோ, போதும்."

"சும்மா குந்திக்கினு இருந்தா மார்க்கு பூடுமே மிஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி மிஸ், வெச்சிடறேன். அவுங்க முழிச்சிக்கினாங்க."

போனை வைத்தேன். கோட்டூர்புரத்தில் அவள் இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். முகம் தெரியாத அந்த அம்மாள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.