பதினொரு மணிக்கு வைத்த காட்டுத்தீப் பயிற்சி

இன்று கம்பம் பஸ்ஸில் எங்கள் தெரு முத்துமாரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர். காலில் பெரிய கட்டு.

"அங்கன புல்லு பத்திக்கிருச்சு டீச்சர். பயந்து மேட்டப் பாத்து ஓடுனோம். தீயும் பின்னாலயே ஏறி வந்துருச்சு."

தீ மேடேறும்போதுதான் வேகமெடுக்கும், மேலே ஓடாதீர்கள் என்று போன மாதம் ஊர் மண்டபத்தில் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

"பயிற்சிக்கு நீங்க வரலையாக்கா?" என்றேன்.

"பதினோரு மணிக்கு வச்சா எப்படி வாரது? எங்க ஜீப்பு ஆறு மணிக்கே போயிருதுல்ல."

அன்று வந்தவர்களில் மலைக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் படத்தை இங்கே போட்டேன், நீங்களும் லைக் போட்டீர்கள்.

அடுத்த பயிற்சி காலை ஐந்தரைக்கு, ஜீப் நிற்கும் இடத்தில். கூட யார் வருகிறீர்கள்? இருட்டாக இருக்கும், படம் சரியாக விழாது.