நடுவில் ஓடிய கறுப்புக் கோடு

ஆம்பூரில் ஒரு டேனரியில் பச்சைத்தோலுக்கு உப்புப் போடுவது தேவகிருபையின் வேலை. தோலை விரித்து உப்பை இறைக்க வேண்டும். அதன்மேல் அடுத்த தோல். அடுக்கு ஏற ஏற அடித்தோல் நசுங்கிப் பலகையாகும். கீழே தண்ணீர் கசியும். உப்பு அரித்த வெடிப்புகள் அவள் விரல்களில் ஆறியதே இல்லை. கணவர் இறந்த பிறகு அந்தக் கைகளால்தான் மகன் ஐசக்கை வளர்த்தாள். அவன் பட்டாளத்துக்குப் போனான். 1985இல் வடக்கே எல்லைப் பனிமலையில் இறந்தான். டிரங்குப் பெட்டி வந்தது. உடல் வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு இந்தச் சாவு விளங்கவில்லை. ஆம்பூரில் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்குவது. குல்லாய் போட்டிருக்கக் கூடாதா என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

சில மாதங்கள் கழித்து நாட்றம்பள்ளி மூர்த்தி வந்தான். மலையில் ஐசக்கோடு ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தவன்; இடக்கை விரல்கள் சிலவற்றைக் குளிருக்குக் கொடுத்திருந்தான். அவன்தான் அவளுக்கு விளங்க வைத்தான். அங்கே பனி முழுக்க உருகுவதில்லை. அவள் அடுக்கும் தோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, அடியில் இருப்பது இறுகிக் கட்டியாகிவிடுகிறது. அந்தக் கட்டி தன் பாரத்திலேயே சரிவில் நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஆறு அது. வளைவிலும் பள்ளத்திலும் பிளக்கும். பிளவைப் புதுப்பனி மூடிவிட்டால் தரை போலவே இருக்கும். அன்று ஆற்றின் நடுவே கறுப்பாக ஒரு கல்வரிசை, கோடு போட்டதுபோல் நீளத்துக்கு ஓடியது. அதை ஒட்டி நடந்தபோது ஐசக்கின் காலடியில் பனி உடைந்தது. கயிறும் அறுந்தது.

தேவகிருபை கேட்டது ஒன்றுதான். "ஆறுன்னா கீழ வந்து சேரணும் இல்ல? எப்ப வரும்?" பாலாற்று வெள்ளம் அடித்துப்போனவர்களைக் கீழூர்க் கரைகளில் கண்டெடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அதில் இரண்டு விதம் உண்டு என்றான் மூர்த்தி. பெரியது பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு நீளமாகக் கிடக்கும். ஒரு நாளில் ஒரு சாண் நகர்ந்தால் ஜாஸ்தி. மேலே விழுந்தது கடைசி முனைக்கு வர ஓர் ஆயுள் போதாது. இன்னொன்று மலைச்சரிவில் தொங்குவது. பள்ளத்தாக்குவரை எட்டாது; நுனி உடைந்து உடைந்து கீழே விழும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஐசக் வுழுந்தது தொங்கறதுல, பெரியம்மா. நாலஞ்சு வெயில் காலம். வந்துருவான்."

அவள் நம்பினாள். கணவரின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தில் மகன் பெயருக்கு ஒரு கல் வைத்துக்கொள்ளச் சபைக் கமிட்டி சம்மதித்தபோது வேண்டாம் என்றாள். கல்லை வைத்துவிட்டால் சவப்பெட்டியை எங்கே இறக்குவது? ஒவ்வொரு கோடையும் அந்த இடத்தில் புல் செதுக்கி வைத்தாள். இடம் போதவில்லை என்று கமிட்டிச் செயலர் ஞானசீலன் சொன்னபோதெல்லாம் அவரோடு சண்டை போட்டாள். 1989 கோடையும் போனது. செயலரின் மாமியார் இறந்தபோது அங்கேதான் குழி வெட்டினார்கள். அப்போதும் அவள் அழவில்லை. மகன் வந்தால் வேறொரு மூலையில் இடம் கேட்கலாம் என்றிருந்தாள்.

அந்த ஆவணியில் மூர்த்தி தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். பக்கத்து வீட்டு மஹ்பூபி உட்கார்ந்திருந்தாள். ஐசக் விழுந்த இடத்தில், வெறும் பனியில் கறுப்புக் கல்வரிசை எப்படி வந்தது என்று அவள்தான் பேச்சுவாக்கில் கேட்டாள். கல்யாணக் களையில் இருந்த மூர்த்தி உற்சாகமாகச் சொன்னான். இருபக்க மலையும் உதிர்க்கிற கல் ஆற்றின் ஓரங்களில் சேரும். இரண்டு ஆறுகள் கூடும்போது உள்பக்க ஓரங்கள் ஒட்டிக்கொண்டு நடுக்கோடாகிவிடும்.

தேவகிருபை டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மலட்டாறு பாலாற்றில் சேரும் இடத்தில், வெள்ளக் காலத்தில், இரண்டு நிறத் தண்ணீர் ஒட்டியபடி ஓடுவதை அவள் கண்டிருக்கிறாள்.

"தொங்கற ஆறு எதோடயாவது சேருமா, மூர்த்தி?"

"அது எங்க சேரும்? பாதியிலயே நின்னுடுதே."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்போ எம்புள்ளைய பெரிய ஆத்துலதான் வுட்டுட்டு வந்தே."

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை என்று அவன் முணுமுணுத்தான்.

"ஆறுதல் யாரு கேட்டாங்க ஒன்ன? நெசத்த சொல்லியிருந்தா அன்னிக்கே கல்லு வெச்சிருப்பேன். அவம் பேராவது அவங்கப்பன் பக்கத்துல கெடந்திருக்கும்."

டீயைக் கொடுத்தாள். பத்திரிகையை வாங்கிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு மஹ்பூபி மட்டும் போய்வந்தாள். அங்கே தன்னை யாராவது கேட்டார்களா என்று தேவகிருபை விசாரிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். அடுத்த மழைக்குள் கணவரின் கல்லறைமேல் நெருஞ்சி படர்ந்துவிட்டது.