மந்தைவெளியில் மூன்று குட்டிகள்

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் செண்பகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினெட்டு வருடம் நாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். குட்டி வாங்கப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிறு பூச்சியால் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சில் கை வைப்பாள். கொஞ்சம் திமிறிவிட்டு அடங்குகிற குட்டிதான் வீட்டுக்கு லாயக்கு என்பாள். குறை இருந்தால் விற்கிறவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

சாந்தோமில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நோரா ஒரு சனிக்கிழமை காலை அவளை மந்தைவெளிக்கு அழைத்துப் போனார். சுந்தரவல்லி என்பவர் வீட்டில் மூன்று லாப்ரடார் குட்டிகள். பிறந்து நாற்பது நாள்.

"தாய் நாயி எங்க மாமி?" என்றாள் செண்பகம்.

"பெத்த மூணாம் நாளே செத்துப் போயிடுத்து. சிரிஞ்சுல பால் குடுத்து நான்தான் வளத்துண்டிருக்கேன். ஆத்துல வேற நாய் கிடையாது."

தாயில்லாமல் வளர்ந்த குட்டிக்குக் கடியில் அளவு தெரியாது. அழுத்திக் கடித்தால் உறுமி அடக்கத் தாய் வேண்டும். செண்பகம் ஒரு குட்டியின் வாயில் விரலை விட்டாள். அது பூப்போலக் கவ்வியது. மற்ற இரண்டும் அப்படியே. வாலடி சுத்தமாக இருந்தது. காதுக்குப் பின்னால் ரோமம் ஈரமாக, நக்கிவிட்ட வாக்கில் படிந்திருந்தது.

"யாரு மாமி இதுங்கள தொடச்சிவுட்டது?"

"காலம்பறலேர்ந்து நான் தொடவே இல்லையே. முதுகு வலி."

பொய் சொல்கிறார், தாயை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்றுதான் செண்பகம் நினைத்தாள். அனுமதி கேட்டுக்கொண்டு வீடு முழுக்கப் பார்த்தாள், மொட்டைமாடி வரை. நாய் இல்லை. திரும்பி வந்தபோது குட்டிகள் வரிசையாகப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்னங்கால்களால் வெறுங்காற்றை மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தன. பால் குடிக்கும்போது தாய்மடியை அப்படித்தான் அமுக்கும். அவள் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றாள்.

"உடம்புல கொற இல்ல டீச்சர்," என்றாள். அது உண்மைதான். நோரா பெண்குட்டியை எடுத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து சுந்தரவல்லி செண்பகத்துக்குப் போன் செய்தார். "மத்த ரெண்டும் ஓயாம அழறதுகள். உடம்பெல்லாம் அழுக்கு. என் கையை ரத்தம் வரக் கடிச்சுடுத்து."

செண்பகம் நேரே நோரா வீட்டுக்குப் போனாள். மத்தியான வெயிலில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. காதோரம் ஈரம்.

"தூங்குறப்பதான் இப்படி ஆகுது. ஏதாவது வியாதியா செண்பகம்?"

குட்டிகளைப் பிரித்ததில் தனக்கும் பங்குண்டு என்பது அவளை உறுத்தியது. "வியாதி இல்ல டீச்சர். மத்த ரெண்டையும் கொஞ்ச நாளு இங்க வச்சிக்கோங்க. கூடப் பொறந்ததுங்க, ஒண்ணா கெடக்கட்டும்."

நோரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார். வந்த இரண்டாம் நாளே அவை கடிப்பதை நிறுத்திவிட்டன. பிரிக்க மனமில்லாமல் நோரா மூன்றையுமே வைத்துக்கொண்டார்.

தடுப்பூசி போட செண்பகம்தான் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். ஆட்டோ ஓட்டிய அப்துல் கஃபார் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாக்கா, ஓரமா குந்திக்கினு கீற? பக்கத்துல எடம் சும்மாத்தான கீது, நடுவுல குந்து, வியுந்துடப் போற."

"இருக்கட்டும் பாய். நீ மெதுவா ஓட்டு," என்றாள் செண்பகம்.