வாங்கு நேரத்தில் இழுத்த வயர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அதன் வயிற்றுக்குள்ளிருந்து "டக், டக்" என்று இரண்டு சத்தம் வரவேண்டும். வந்தால் ஹார்ட் டிஸ்க் கிடைத்துவிட்டது, வராவிட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து, டிஸ்க்கே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். சாய்ந்தமருதில் கடலுக்கு இரண்டு வீதி தள்ளியிருந்த அந்த வீட்டில், எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த அந்த மாதம் முழுவதும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தோம்.

காரணம் என் மூத்த சகோதரி, ராத்தா. ஆசிரியப் பயிற்சியின் இறுதி அறிக்கையை, வகுப்பறை வீடியோக்களோடு, அந்த டிஸ்க்கில் மட்டும்தான் வைத்திருந்தார். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் வருடமே போச்சு. அண்ணன், எங்கள் "காக்கா", பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி "அழிறப்பரால்" தேய்த்துவிட்டு, "உப்புக் காத்து தின்டுட்டு" என்று கடலைத் திட்டுவார். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. பாவம் கடல்.

ஞாயிறு பின்னேரம் டிஸ்க் கிடைத்தது. காக்கா பென் டிரைவைச் செருகிக் கொப்பி பண்ணத் தொடங்கிவிட்டு, "ஒருத்தரும் கிட்ட வரப்படா" என்று சொல்லிப் போனார். பச்சைக் கோடு பாதிக்கு வந்தபோது பள்ளிவாசலில் அசர் வாங்கு, பின்னேரத் தொழுகைக்கான அழைப்பு, கேட்டது. "வாங்கு சொல்லக்குள்ள ஊட்டுல ஒரு பெட்டியும் கத்தப்படா" என்பது உம்மாவின் சட்டம். பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நான் அதற்குக் கண்டுபிடித்த வழி, எட்ட நின்றே வயரைப் பிடித்து ஒரே இழுவையில் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவது. அன்று பாட்டே ஓடவில்லை. பழகிய கை இழுத்துவிட்டது.

மறுபடி போட்டபோது சத்தம் வரவில்லை. ஓடிவந்த ராத்தா என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். திரும்பி வந்த காக்கா மீண்டும் ரேமைத் தேய்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு இழுவைக்கும் பெட்டியும் சேர்ந்து ஆடியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் அந்த மாதத்துப் பழி முழுவதும் என் தலையில்தான். சொல்ல இரண்டு மணி நேரம் பிடித்தது.

"காக்கா, எல்லா வாங்குக்கும் நான் இப்பிடித்தான் இழுக்கிற. பெட்டியும் ஆடுற."

காக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிஸ்க்குக்குப் போகும் கரண்டு வயரை விரலால் தொட்டார். அது கழன்று தொங்கியது. அவர் பெட்டியைத் திறந்தபோதெல்லாம் அவர் கை பட்டு இறுகியிருக்கிறது, என் கையால் மறுபடி தளர்ந்திருக்கிறது. அழுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். "டக், டக்."

மறுபடி தொடங்கிய கொப்பி முடியுமுன் பொழுதுபட்டு மஃரிப் வாங்கு சொல்லத் தொடங்கியது. உம்மா சீலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டபடி வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். வாங்கு முடிந்து, பச்சைக் கோடும் முடிந்த பிறகுதான் விட்டார்.

ராத்தா இப்போது அட்டாளைச்சேனையில் படிப்பிக்கிறார். அந்தப் பெட்டி பழைய இரும்போடு போய்விட்டது. என் லெப்டொப்பில் "டக், டக்" இல்லை, சுவரிலிருந்து பிடுங்கினாலும் அது அணையாது. வாங்கு கேட்டதும் என் கை மட்டும் இன்னும் துள்ளுகிறது. பிடித்து வைத்துக்கொள்ள உம்மா இல்லை.