ராமராஜன் பட்ட கஷ்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமராஜன் மொட்டை மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்து, தான் பட்ட கஷ்டங்களில் இன்னும் எழுதாமல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பான். "இன்னாங்க, இந்த வாரம் கஷ்டம் எதனா சிக்கிச்சா?" என்று கீழேயிருந்து மனைவி சுகாசினி குரல் கொடுப்பாள். சிக்காத வாரங்களில் மனுஷனுக்கு முகம் தொங்கிவிடும்.

மற்ற நாட்களில் செவிலிமேட்டில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய், கார் கதவில் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே சட்டையில் தொங்கும் அட்டையைப் படித்துத்தான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் முகநூலில் 'நான் நடந்து வந்த பாதை' எழுதுகிறவன். முன்பின் தெரியாதவர்கள் "அண்ணா, கண் கலங்கிவிட்டது" என்று பதில் போடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத் திங்கட்கிழமை பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போவான், பாவம்.

சிக்கல் என்னவென்றால், அவன் அப்படியொன்றும் கஷ்டப்பட்டவன் இல்லை. செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனது உண்மைதான். கருட சேவைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த மறுநாள். தறிக்குழியில் உட்கார்ந்து படித்ததும் உண்மை. கோடையில் வீட்டிலேயே குளுகுளுவென்று இருக்கிற இடம் அதுதான். புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அப்பா நெய்ய வரும்வரை தூங்கலாம். பொய் என்று ஒரு வரிகூட எழுதமாட்டான். கொஞ்சத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவான், அவ்வளவுதான்.

போன மாதம் பட்டினியோடு பள்ளிக்கூடம் போன கதையை எழுதினான். உப்புமாவா என்று கேட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிய நாள் அது. உப்புமாவை விட்டுவிட்டுப் பட்டினியை மட்டும் எழுதினான். படித்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். எதிர்வீட்டு தில்லையம்மாள் அதைத் தன் போனில் எடுத்து, ராமராஜனின் அம்மா இந்திராணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

இந்திராணி முசரவாக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள்.

"ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கைடா இது. பெத்த புள்ளைய பட்டினி போட்டேன்னு எய்தி வெச்சிக்கிறியே, நான் எப்பிடிடா தெருவுல தல காட்றது?"

"அதில்லமா, படிக்கறவங்க மனசுல ஒட்டணும்னா..."

"ஒட்டட்டும். நீ பட்டினியாவே கெட."

அன்றோடு அவனுக்குப் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். வேண்டுமானால் அடுப்படிக்குப் போய்த் தானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சுகாசினிக்கும் தடை உத்தரவு. அப்படிப் போட்டுத் தின்ற சோறு அவனுக்கு ருசிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமான கஷ்டம் ஒன்று வந்திருந்தது, அதை வெளியே எழுதவும் வழியில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பூவராகவன் என்ற வாசகர், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த இடத்தில், மனைவியோடு வீடு தேடி வந்துவிட்டார். கடலூர்ப் பக்கத்துக்காரர். பட்டினி கிடந்தவனைப் பார்க்க வெறுங்கையோடு வருவாரா? பெரிய வாழைப்பழச் சீப்பு ஒன்று கையில் இருந்தது.

"தம்பி, உங்கள அந்த நெலமையிலயும் ஆளாக்குன அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போவணும்" என்றார்.

அம்மா வாயைத் திறந்தால் ராமராஜன் மானம் கப்பலேறிவிடும்.

இந்திராணி நேராக அடுப்படிக்குப் போனாள். மாவில் மிளகும் சீரகமும் தாளித்துக் கொட்டி இட்லி அவித்தாள். விருந்தாளிகள் இருவரையும் உட்காரவைத்து, கேட்கக் கேட்க வைத்தாள், கேட்காமலும் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் முன்னால் வெறும் தரைதான் இருந்தது.

"தம்பிக்கு வைக்கலீங்களா?" என்றார் பூவராகவன்.

"அவன் பட்டினி கெடந்து பழகினவன் சார். நீங்க சாப்புடுங்க."

பூவராகவனின் மனைவி இட்லியைப் பிட்ட கையை அப்படியே நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ராமராஜனையே பார்த்தார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. ஊரில் எத்தனையோ பேரைக் கலங்க வைத்தவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

எழுந்து அடுப்படிக்குள் போனான். இருப்பதிலேயே பெரிய தட்டை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எங்கம்மா என்ன ஒரு வேளகூட பட்டினி போட்டதில்ல சார். நான்தான் துண்ணாம ஓடினேன்" என்று பூவராகவனிடம் சொன்னான்.

சொல்லிவிட்டு, தட்டை இரண்டு கைகளாலும் தூக்கி அம்மாவிடம் நீட்டினான்.