தோல் போர்த்த விமானம்

பாலாற்றங்கரையில் அன்று நின்றவர்கள் நான்கு பேர்: அப்பா, மாமா, நான், மாமாவுக்குத் தோஸ்தான ஒரு கல்லூரி அண்ணன். அம்மா வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு பொம்மை விமானத்தின் பின்னால் போன ஆண்களுக்காக ஜெபிக்க, ஒருவராவது கோயிலில் இருக்க வேண்டுமே.

ரிமோட்டும் இன்ஜினும் அந்த அண்ணனுடையவை. மாலை ஐந்து மணி ரயிலில் அவரோடு அவையும் போய்விடும். அதற்குள் பறந்தால் உண்டு. இல்லையென்றால் எங்கள் இரண்டு மாத உழைப்பு அலமாரிக்கு மேலேதான்.

உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம் அது. வரைபடம் ஆங்கிலத்தில் இருந்ததால், ஏழாம் வகுப்புப் படித்த நான் அகராதியோடு உட்கார்ந்து வாசித்துச் சொன்னேன். வீட்டில் வேறு யாரும் ஐந்தைத் தாண்டியதில்லை. மாமா இலேசான பால்சா மரத்தை அறுத்து எலும்புக்கூட்டை ஒட்டினார். சிறகை மெல்லிய தாளால் மூட வேண்டும் என்ற வரிக்கு நான் வந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"பேப்பரா? ஏரோப்ளேனுக்கா?"

அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தார். தடவிப் பார்த்தே தோலின் கனத்தைச் சொல்லிவிடுவார். கையுறைக்கான ஆட்டுத்தோலைக் கம்பெனியில் விலைக்கு வாங்கி, மேலும் சீவி, ஷூவுக்கு ஒட்டும் சொல்யூஷனால் ஒரு சுருக்கமில்லாமல் போர்த்தினார். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. "பேப்பர்னுதான் போட்டிருக்கு" என்று நானும் ஒருமுறை சொன்னேன், யார் காதிலும் விழாதபடி.

காலை முழுவதும் கரையின் கெட்டித் தரையில் அது ஓடியது. கோழி மாதிரி ஓடியதே தவிர, ஒரு சாண் எழும்பவில்லை.

"வெயிட் ஜாஸ்திண்ணே" என்றார் கல்லூரி அண்ணன்.

"இன்ஜின்ல பவர் கம்மியா இருக்கும்" என்றார் அப்பா.

மாமா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "தோலை எடுத்துடலாம்பா."

 அப்பா பையிலிருந்து கத்தியை எடுத்து, மரத்தில் ஒரு கீறல் விழாமல், கட்டம் கட்டமாகத் தோலை அறுத்தெடுத்தார். நான் பாய் கடைக்கு ஓடிப் பட்டம் செய்கிற தாள் வாங்கிவந்தேன். சிவப்பும் பச்சையும்தான் இருந்தன. ஆராதனை முடிந்து வந்திருந்த அம்மா மைதா பசை காய்ச்சிக் கொடுத்தனுப்பினார்.

மூன்றரை மணிக்கு அது எழும்பியது. வேலிக்காத்தான் புதர்களுக்கு மேலே மூன்று வட்டம். இறங்கும்போது ஒரு சக்கரம் போனது, யாரும் கவலைப்படவில்லை.

"இன்னா மச்சான், பறந்துச்சா இல்லியா!" என்று மாமாவின் முதுகில் அப்பாதான் முதலில் அறைந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "படிச்சவன்தானே நீ? அப்பவே கத்திச் சொல்றதுக்கு இன்னாடா?"

திட்டுகிறார் என்று நினைத்து, வீடு வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். அப்பாவிடம் குரலை உயர்த்த எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி இருந்ததில்லை. அன்று எனக்கு அது கொடுக்கப்பட்டுவிட்டது என்பது புரிய இன்னும் பல வருடம் ஆனது.

செலவு, மரத்துக்கு முந்நூறு, சம்பளத்தில் பிடித்த தோலுக்கு ஐந்நூற்று எண்பது, தாளுக்கு ஆறு: ஆக எண்ணூற்று எண்பத்தாறு ரூபாய்.